தம்பி சொன்னவர் என்று நான் சொன்னது

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, நான் இந்த ஆராய்ச்சியை விட்டிட்டு மருந்துக் கொம்பனி ஒண்டுக்கு வேலைக்குப் போகட்டோ?" என்றாய். பதினான்கு வருடமாக ஒரே கிருமியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் ஒரு மனிதருக்காவது ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னாய். நான் "உன்ர விருப்பம் மகன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று தொலைபேசியை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை. அன்று பால்காரர் வரவே இல்லை. உன் ஆராய்ச்சியால் ஒரு மனிதருக்கு ஏதோ நடந்துதான் இருக்கிறது. அவர் நமக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

இதை ஏன் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறீர்கள் என்று நீ கேட்பாய். தவறான செய்தியை நான் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்று பலர் கேட்கச் சொன்னவள். திருத்தத்தை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டி உனக்கு அனுப்பினால் அது திருத்தமாகாது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன். எங்கள் ஊர் முரசுமோட்டையில் எல்லோருக்கும் அவர் யாரென்று தெரியும். வெளியூர்க்காரருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

முதலில் என்னைப் பற்றி. நான் முப்பது வருடம் நூலகத்தில் வேலை செய்தவள். அந்த வேலையில் ஒரு வருத்தம் தொற்றும். எல்லாப் புத்தகங்களின் முதுகையும் வாசித்துவிட்டு, உள்ளே இருப்பதும் தெரியும் என்று நினைத்துக்கொள்வது. உனக்கு இருபது வயதில், நாங்கள் வவுனியா முகாமில் கூடாரத்தில் இருந்தபோது, உனக்கு உடம்பெல்லாம் கொப்பளித்தது. அம்மாள் வந்திருக்கிறா என்றோம். முகாமுக்குள் வேப்பமரம் ஒன்று இருந்தது, இலைதான் இல்லை. எங்களுக்கு முன் அம்மாள் வந்தவர்கள் கையெட்டும் உயரம்வரை உருவியிருந்தார்கள். ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொடுத்து ஒரு பிடி இலை வாங்கினேன். மூன்றாம் தண்ணி வார்த்த அன்று நீ கேட்டாய், "இனி அது இல்லையோ அம்மா?" நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் "போட்டுது. இனி வராது" என்றேன். எட்டு வருடம் கழித்து, கடலுக்கு அப்பால் ஒரு ஆய்வுகூடத்திலிருந்து நீ சொன்னாய், அது போகவில்லை, ஹேர்பீஸ் குடும்பத்துக் கிருமிகள் ஒருபோதும் போவதில்லை, முதுகெலும்போரத்து நரம்புகளுக்குள் சுருண்டு படுத்திருக்கும், நாம் சாகும்வரை கூடவே இருக்கும் என்று. "அப்ப நான் வார்த்த தண்ணி?" என்று கேட்டேன். "குளிச்சது நல்லம்தானே அம்மா" என்றாய். நீ என்னைச் சமாதானப்படுத்தினாயா, பகிடி பண்ணினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் உன் வேலையை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்பவற்றை அதில் எழுதினேன். நீ பார்ப்பது அந்தக் குடும்பத்தில் இன்னொரு கிருமி. அதற்கு இரண்டு விஞ்ஞானிகளின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். உலகத்தில் வளர்ந்தவர்கள் அநேகமாக எல்லோருக்குள்ளும் அது இருக்கிறது. எனக்குள், அப்பாவுக்குள், பால்காரருக்குள். அநேகமாக யாருக்கும் ஒன்றும் செய்வதில்லை. மிகச் சிலரில் மட்டும், பல வருடம் சும்மா கிடந்துவிட்டு, புற்றுநோய்க்குத் துணை போகிறது. ஒருவர் அயலில் அமைதியாக இருந்து, ஒருநாள் வேறு ஆளாக மாறுவதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. யார் சொல்லி மாறினார் என்பதுதான் எங்களுக்குத் தெரிவதில்லை. உனக்கும் அதுதான் தெரியவில்லை என்றாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் பதினான்கு வருடம் என்றாய். கல்யாணத் தரகர் வந்து "பெடியன் என்ன செய்யிறார்?" என்று கேட்டபோது, கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கிறார் என்று உன் அப்பா சொன்னார். தரகர் தன் கொப்பியில் "விவசாயம்" என்று எழுதினார். நான் திருத்தவில்லை. எனக்கும் அதைவிட நல்ல சொல் தெரியவில்லை.

இனி செல்வராசாவுக்கு வருகிறேன். இதுதான் மாற்றிய பெயர். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்து ஊருக்கெல்லாம் உழுது கொடுப்பவர் என்றால் உனக்குத் தெரிந்துவிடும். அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கலவர காலத்தில் ஓடிவந்து இங்கே குடியேறியவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் வந்ததே, நீ தொலைபேசியில் பதறி, மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கவேண்டும் என்றாயே, அந்த வாரம்தான் அவர் நம் வீட்டுக்குள் அடிக்கடி வரத் தொடங்கினார். அவருக்கு அக்கி எழுதத் தெரியும். காவியைக் குழைத்து, கொப்புளத்தின்மேல் கோழி இறகால் சிங்கம் வரைவார். அப்பா உன் மாத்திரையையும் விழுங்கினார், சட்டையைக் கழற்றிவிட்டு அவருக்கு முதுகையும் காட்டினார்.

"செல்வராசா, உமக்கு வேற மிருகம் வரையத் தெரியாதோ?" என்றார்.

"வேற மிருகத்துக்கு அக்கி பயப்பிடாதுங்க ஐயா."

"ஆராவது பாத்தால் நான் கட்சி மாறிட்டன் எண்டெல்லோ நினைப்பாங்கள்."

"நான் வாலைச் சின்னனாப் போடுறன்."

அப்பா வேறு எந்த மிருகத்தை மனதில் நினைத்துக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. கொப்புளம் காய்ந்தது. காய்ந்தது மாத்திரையாலா சிங்கத்தாலா என்பதில் அப்பா இரண்டு பக்கத்துக்கும் நன்றி சொல்லி நடுநிலை வகித்தார். ஆனால் ஊர் முடிவு எடுத்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்பது அந்த முடிவு. ஊருக்கு நீ தம்பி. அன்றிலிருந்து யாருக்கு உடம்பில் எது எழும்பினாலும் என்னிடம் வந்தார்கள். நான் உன்னிடம் கேட்டேன். நீ ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னாய். "நான் வைத்தியம் பாக்கிற டொக்டர் இல்லை அம்மா. ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லுங்கோ."

மகன், இந்த இடத்தில் உண்மையை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு அவமானமாக இருந்தது. பதினான்கு வருடம் படித்தவனுடைய பதில், சங்கக்கடை மனேச்சரும் சொல்லக்கூடிய பதிலாக இருந்தது. நம்பி வந்தவர்கள் "ஓ, அவ்வளவுதானோ" என்று முகம் வாடிப் போனார்கள். அது உன் மேல் வைத்த குறை என்று எடுத்துக்கொண்டேன். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக உன்னிடம் கேட்பதை நிறுத்தினேன். கொப்பியைத் திறந்து நானே சொன்னேன். சொல்லி முடிக்கும்போது "தம்பி சொன்னவர்" என்று, நீயே சொன்னதுபோலச் சேர்த்தேன். மூன்று பேருக்குச் சரியாக வந்தது. தலைவலி தானாகப் போகும், தடிமன் தானாகப் போகும். தானாகப் போவதையெல்லாம் நான் குணமாக்கினேன்.

போன வருடம் காலபோக விதைப்பு நேரம். செல்வராசா சேற்றுக் காலோடு குசினி வாசலில் நின்றார். வலது காதுக்குக் கீழே, கழுத்தில், ஒரு பாக்கு அளவில் கட்டி.

"அக்கா, தம்பியிட்ட ஒருக்காக் கேக்கேலுமோ?"

"நோகுதோ?"

"இல்லங்க அக்கா. நோகாதது நல்லதுதானே?"

"வேற என்ன செய்யுது?"

"வலக்காது அடைச்ச மாதிரி. அது லான்ட்மாஸ்டர் சத்தம். இருவது வருசமா அந்தப் பக்கம்தானே புகைக்குழாய்."

நான் உள்ளே போய்க் கொப்பியைத் திறந்தேன். உன் கிருமியின் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் வரும், இளம் வயதினருக்கு, சில கிழமையில் தானாகப் போகும். செல்வராசாவுக்கு நாற்பத்தாறு வயது. காய்ச்சல் இல்லை. வெளியே வந்து, "நெறி கட்டியிருக்கு. அது ஒரு வைரஸ், எல்லாருக்கும் இருக்கிறது. தானாப் போகும்" என்றேன்.

"தம்பி சொன்னவரோ?"

"ஓம். தம்பி சொன்னவர்."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டுப் போனார். கதிரையிலிருந்து அப்பா கேட்டார், "இஞ்சரும், நீர் எப்ப பெடியனோட கதைச்சனீர்?" நேற்று என்றேன். அடுத்த நாள் சங்கக்கடையிலும் சொன்னேன், செல்வராசாவின் கட்டி ஒன்றுமில்லை, மகன் சொல்லிவிட்டான் என்று. அந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அடுத்த பக்கத்தின் முதல் வரி, அதுவும் என் கையெழுத்தில்தான்: மிகச் சிலருக்கு மூக்கின் பின்புறம் புற்று, காது அடைப்பு, கழுத்தில் நோகாத கட்டி. நீ சொல்ல நான் எழுதியது. முப்பது வருடம் மற்றவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் ஒரு பக்கத்தைப் புரட்டவில்லை.

அறுவடையின்போது வயலில் அவருக்கு மூக்கால் இரத்தம் போய் நிற்கவில்லை. கிளிநொச்சியில் காட்டி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மூக்கின் பின்புறம் புற்று என்றார்கள். கூடப் போனவர் அவர் மனைவி ராணி. எவ்வளவு நாளாக இந்தக் கட்டி என்று அங்கே டொக்டர் கேட்டிருக்கிறார். நாலைந்து மாதம் என்றிருக்கிறாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "வெளிநாட்டில கிருமி ஆராய்ச்சி செய்யிற ஒரு பிள்ளை பயமில்லையெண்டு சொன்னவர்" என்றிருக்கிறாள். "அந்தப் பிள்ளையை ஒருக்கா இஞ்ச வந்து இதைப் பாக்கச் சொல்லுங்கோ" என்றாராம் டொக்டர். இப்படியாக, நீ ஒருபோதும் காலடி வைக்காத ஒரு ஆஸ்பத்திரி வாட்டில், நீ ஒருபோதும் சொல்லாத ஒரு சொல்லுக்காக உன் மேல் ஒரு குற்றம் பதிவானது.

சித்திரையில் நீ வந்து நின்ற பத்து நாளில், ராணி நம் படலையைத் தாண்டும்போது உன்னைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். "ராணியக்கா ஏன் என்னோட கதைக்கிறா இல்லை?" என்று கேட்டாய். அவவுக்குத் தலையிடி என்றேன். செல்வராசா எங்கே என்றாய். வவுனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றேன். அவர் அப்போது யாழ்ப்பாணத்தில் கதிர்ச் சிகிச்சைக்குப் படுத்திருந்தார், வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சியும் இறங்காமல். நீ கேட்டிருந்தால் அன்றே ஓடிப்போயிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. நீ அவர் முன்னால் போய் நின்றால், தம்பி சொன்னவர் என்று நான் சொன்னது அந்தக் கட்டிலடியில் உடைந்திருக்கும். என் மகனின் நல்ல பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று தொடங்கினேன். எந்த இடத்தில் அது மாறி, என் பெயரைக் காப்பாற்ற உன்னுடையதைக் கொடுத்தேன் என்று திரும்பத் திரும்ப யோசித்தும் பிடிபடவில்லை. செல்வராசாவைப் பார்க்கப் போனபோது அந்த யாழ்ப்பாண டொக்டரிடம் அப்பா ஒருமுறை தனியாகக் கேட்டார், முந்தியே வந்திருந்தால் என்று. அவர் முந்தி வந்தால் எப்போதும் நல்லதுதான் என்றார், இந்த ஆளில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டு வேலி கட்டப் போய்விட்டார். நான் எவ்வளவு குற்றவாளி என்று அளந்து சொல்ல ஆளில்லை.

நீ ஞாயிறு கேட்டாய், நான் பாலைச் சாட்டினேன். திங்கட்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வராசா பாதி ஆளாக, பயிற்றைப் பாத்திகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பாத்திக்கு நடுவே மயிலை விரட்ட ஒரு வெருளி. அதன் முகம் அவருடைய முகம். கதிர் பிடிக்கும்போது தலை அசையாமல் இருக்க, முகத்துக்கு அச்செடுத்து வலைபோல ஒரு வெள்ளை முகமூடி செய்வார்களாம். முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து வெருளிக்கு மாட்டியிருக்கிறார்.

"பாக்கிறீங்களோ அக்கா? மயில் ஒண்டும் கிட்ட வருதில்லை" என்றார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை போத்தலிலிருந்து வாயை நனைத்துக்கொண்டார். எச்சில் ஊறுவதில்லை. "இவ கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர முகத்துக்குப் பயப்பிடேல்ல. மயிலாவது பயப்பிடுது."

நான் நின்றபடியே சொன்னேன். தம்பியிடம் கேட்கவில்லை, தம்பிக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது, சொன்னது நான் என்றேன். ராணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"ஆறு மாசமா அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டு திரியிறன். கோயில்ல வைச்சும் திட்டினனான். ஏன் அக்கா சொல்லேல்ல?"

"பயமா இருந்தது ராணி."

"உங்களுக்கு என்ன பயம்? கட்டி அவருக்கெல்லோ வந்தது."

செல்வராசா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "அக்கா சொன்னதாலதான் நான் நித்திரை கொண்டனான். அந்த நாலைஞ்சு மாசமும் நல்ல நித்திரை. அதுக்குப் பிறகு இல்லை." அவர் எனக்கு நன்றி சொன்னாரா, என்னைக் குற்றம் சொன்னாரா? இதை எழுதும்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு வெருளியின் முகத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவர் கேட்டார், "அக்கா, எல்லாருக்கும் இருக்கிற கிருமி எண்டு அங்கயும் சொன்னவை. உங்களுக்கும் இருக்கு, இவவுக்கும் இருக்கு. அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

என் வாயை நான் என்ன செய்வது, மகன். அது தானாகத் திறந்தது. "சின்ன வயசில கருவாடு நிறையச் சாப்பிட்டால்…" என்று தொடங்கினேன். நீ ஒருமுறை சொல்லி, கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

"அப்ப கொக்கிளாய்க் கடற்கரையில ஒருத்தரும் மிஞ்சியிருக்கக் கூடாதே!" என்றாள் ராணி.

நான் வாயை மூடினேன். பிறகு, "எனக்குத் தெரியாது" என்றேன்.

"தம்பிக்கு?"

"அவனுக்கும் தெரியாது."

"பதினாலு வருசமாவோ?"

"ஓம். அதைத்தான் தேடுறான். இன்னும் தெரியேல்லயாம்."

செல்வராசா போத்தலை மூடினார். நான் எதிர்பார்த்தது அந்த வாடின முகத்தை. அது வரவில்லை. "தெரியாதெண்டு சொல்லுற ஆளோட நான் ஒருக்காக் கதைக்கவேணும். இவ்வளவு நாளும் தெரிஞ்ச ஆக்களோடதான் கதைச்சனான்" என்றார். ராணி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவள் என்னை மன்னித்ததாக நீ நினைத்துவிடாதே. நான் திரும்பும்போது படலையை அவள் சாத்திய சத்தம் அப்பாவுக்கு வீட்டுக்குள் கேட்டதாம்.

கட்டி முழுதாகக் கரைந்ததா என்று பார்க்கும் ஸ்கான் அடுத்த மாதம். அதற்கு முன் நீ அவரோடு கதைக்கவேண்டும். விடியப் புறம் அவருக்குக் குரல் கொஞ்சம் வரும். அவர் நிறுத்தினால் தொலைபேசி அறுந்துவிட்டது என்று நினைக்காதே, தண்ணீர் குடிக்கிறார். ராணி பக்கத்தில் இருப்பாள், அவளுக்கும் உன்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. ஆறு மாதப் பழக்கத்தில் முதலில் திட்டினாலும் திட்டுவாள், அது எனக்குரியது, வாங்கிவைத்துக்கொள். நான் அந்த வீட்டில் இருக்க மாட்டேன். என்னை வயலுக்குக் கூட்டிப்போய் வைத்திருப்பதாக அப்பா பொறுப்பெடுத்திருக்கிறார்.

தாய்மார் கடிதத்தில் புத்தி சொல்லவேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சொல்ல எனக்குத் தகுதி இல்லாத வருடம் இது. வேலையை விடுவதா, இருப்பதா என்ற உன் கேள்விக்கு என் பதில், எனக்குத் தெரியாது. உன் வேலையால் இந்த ஊரில் ஒருவருடைய அக்கி மாறியது, இன்னொருவருடைய கட்டி வளர்ந்தது. இரண்டிலும் நடுவில் நான் நின்றேன். நான் நிற்காமல் இருந்திருந்தால் உன் வேலை என்னவாக இருந்திருக்கும் என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. அதை நீ முதலில் பார்.

செல்வராசா கேட்பதற்கு உனக்குத் தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்பதையும் கூச்சப்படாமல் சொல். பேச்சுக்கு நடுவில் அவர் "அம்மா சொன்னவா" என்று ஏதாவது தொடங்கினால், நான் சொன்னது சரியாகவே இருந்தாலும், அதை அவர் முடிக்க விடாதே. முதலிலிருந்து நீயே சொல்.

அம்மா